பிளவு நகர்கிறதா, தூண் சாய்கிறதா? காவிரி டெல்டாவில் மேலோட்டு நெளிவை அளப்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நிரந்தர ஜிபிஎஸ் நிலையம் (தூணிலோ மாடியிலோ ஆன்டெனாவை நிலையாகப் பொருத்தி, அந்த இடம் நகர்கிறதா என்று நாள்தோறும் அளக்கும் அமைப்பு) வைத்திருப்பவர்களுக்கும், அந்தத் தரவை வாங்கிப் புவி மேலோட்டின் மெதுவான நெளிவைப் பார்க்க முயலும் மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வரைபடத்தில் கோடு கொஞ்சம் கோணினாலே "பிளவு நகர்கிறது" என்று சொல்ல நாக்கு துடிக்கும். பிளவு என்பது பாறை உடைந்து, இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகரக்கூடிய முறிவு. டெல்டாவில் அந்த முடிவுக்கு எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் வர வேண்டும்.

வண்டலுக்கு அடியில் பிளவுகள் நிஜமாகவே இருக்கின்றன. கோண்டுவானா உடைந்த காலத்தில், அதாவது ஜுராசிக் காலத்தின் கடைசியிலும் கிரிட்டேஷியஸ் காலத்தின் தொடக்கத்திலும், இந்தக் கரை இழுபட்டுக் கிழிந்ததில் உருவானது காவிரிப் படுகை. பெரும்பாலும் வடகிழக்கு–தென்மேற்காக ஓடும் பிளவுகள். கும்பகோணம்–மாதானம், பட்டுக்கோட்டை–மன்னார்குடி, காரைக்கால் என்று முகடுகள். அவற்றுக்கு இடையே பள்ளங்கள், சில இடங்களில் 5 கி.மீ.க்கும் மேல் படிவு. எண்ணெயும் எரிவாயுவும் தேடியவர்கள் நிலத்துக்குள் அதிர்வலை அனுப்பிப் பார்த்து வரைந்த படம் இது. நரிமணம், குத்தாலம், அடியக்கமங்கலம் கிணறுகள் எல்லாம் இந்த அமைப்பின் மேல்தான் நிற்கின்றன.

இருப்பது வேறு, நகர்வது வேறு. கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு, அதன் மத்தியப் பகுதியில் ஆண்டுக்கு 2 முதல் 3 செ.மீ. ஊர்ந்துகொண்டே இருக்கிறது. இமயமலை ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. நெருக்கத்தைத் தாங்குகிறது. தென்னிந்தியாவில் 1860-களில் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்து அளந்த முக்கோணப் புள்ளிகளை 1994-ல் ஜிபிஎஸ் கொண்டு மறுபடி அளந்தபோது, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளியில்கூட குறிப்பிடத்தக்க நெளிவு அகப்படவில்லை. ஆக, இங்கே எதிர்பார்க்க வேண்டிய எண் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குள். அதற்காக அளவே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. 1900-ல் கோயம்புத்தூரில் 6 ரிக்டர் அளவை ஒட்டிய நடுக்கம் வந்தது, 25.9.2001 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 வந்தது. மெதுவாகச் சேரும் நெளிவு இங்கேயும் உண்டு. ஆனால் ஆன்டெனா, கட்டடம், களிமண், தண்ணீர், காற்று எல்லாம் அதைவிடப் பத்து மடங்கு ஆடுகின்றன. மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவதுதான் வேலை.

அறிகுறி: நிலையம் ஆண்டுக்கு 5 செ.மீ.க்கு மேல் வடகிழக்கே ஓடுகிறது

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இந்தியத் தட்டு முழுவதுமே உலகம் முழுவதற்கும் பொதுவான சட்டகமான (இடங்களைக் குறிக்கும் ஆய அமைப்பான) ஐடிஆர்எஃப்-இல் அப்படித்தான் நகர்கிறது. நம் பக்கத்தில் கிழக்கே சுமார் 4 செ.மீ., வடக்கே சுமார் 3.5 செ.மீ. தட்டின் சுழற்சியைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். பெங்களூரு, ஹைதராபாத் நிலையங்களின் நீண்ட காலத் தரவு உலகுக்கே பொதுவில் கிடைக்கிறது. அவற்றோடு சார்பு வேகம் எடுத்தாலும் போதும். கழித்த பிறகும் செ.மீ. கணக்கில் மிச்சம் இருந்தால், பாதித் தரவு ஒரு சட்டகத்திலும் மீதி இன்னொன்றிலும் கணக்கிடப்பட்டிருக்கும். முழுவதையும் ஒரே சட்டகத்தில் மறுபடி ஓட்டுங்கள்.

அறிகுறி: ஒரே நாளில் படி ஏறியதுபோல் குதித்துவிட்டது

முதலில் நிலையத்தின் பதிவேடு. ஆன்டெனா மாற்றினார்களா, மேல்மூடி போட்டார்களா, ரிசீவர் மென்பொருளைப் புதுப்பித்தார்களா, இடி விழுந்து கேபிள் மாற்றினார்களா? பதிவேட்டில் எதுவும் இல்லை என்பதாலேயே எதுவும் நடக்கவில்லை என்று ஆகாது. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "அன்னிக்குத்தான் சார் வெள்ளையடிச்சாங்க" என்று பதில் வரலாம். வெள்ளையடித்தவர் ஆன்டெனாவைக் கழற்றிச் சுத்தமாகத் துடைத்து, அரைச் சுற்று திருப்பி மாட்டியிருப்பார்.

அடுத்து, ரிசீவரின் மூலப் பதிவைப் பொது வடிவில் வைத்திருக்கும் ரைனெக்ஸ் கோப்பின் தலைப்பு. ஆன்டெனாவின் வகை, உயரம், மூடியின் குறியீடு மூன்றும் குதிப்புக்கு முன்னும் பின்னும் ஒன்றுதானா? உயரத்தை மட்டும் பாதித்த, பக்கவாட்டில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லாத குதிப்பு என்றால் பெரும்பாலும் காரணம் இங்கேதான்.

நாள் 27.11.2022-ஐ ஒட்டியிருந்தால் இன்னொரு சந்தேகம். அன்றுதான், துல்லியமான செயற்கைக்கோள் பாதைகளை வெளியிடும் பன்னாட்டுச் சேவையான ஐஜிஎஸ், ஐஜிஎஸ்20 என்ற சட்டகத்துக்கும் அதற்குரிய புதிய ஆன்டெனா அளவீடுகளுக்கும் மாறியது. பழைய நாட்களைப் பழைய அளவீட்டில் விட்டுவிட்டுப் புதியதை ஒட்டினால் குதிப்பு வரும்.

இதெல்லாம் இல்லை என்றால் நிலநடுக்கம். தூரத்து நடுக்கம் நம்மை அசைக்காது என்று நினைக்க வேண்டாம். 26.12.2004 சுமத்ரா–அந்தமான் நடுக்கத்தில், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த பெங்களூரு நிலையம் ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாகக் கிழக்கே நகர்ந்தது. நாகப்பட்டினத்தில் அலை வந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே காலடியில் இருந்த நிலமும் நகர்ந்திருந்தது. இப்படிப்பட்ட குதிப்பை அடையாளம் காண்பது சுலபம்: எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், பக்கவாட்டில் வரும். அதன்பின் சில ஆண்டுகளுக்கு மெல்லத் தேய்ந்துகொண்டே போகும் நகர்வும் இருக்கும். அதற்கு மடக்கைச் சார்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

காரணம் தெரிந்த குதிப்புக்கு மட்டும் கணக்கில் ஒரு படியைச் சேருங்கள். கண்ணுக்கு உறுத்துகிறது என்று அங்கங்கே படி போட்டுக்கொண்டே போனால், ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் என்ற நம் இலக்கு அந்தப் படிகளுக்குள்ளேயே கரைந்துவிடும்.

அறிகுறி: வருஷாவருஷம் உயரம் அலைபோல் ஏறி இறங்குகிறது

டெல்டாவில் அதிகம் வரும் புகார் இது. பொறுமையாகப் பிரித்தால் இதுவே நிறையச் சொல்லும்.

முதலில் அலையின் காலத்தை அளந்து பாருங்கள். 365 நாட்களா, 351 நாட்களா? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பாதைத் தளம் சூரியனைப் பொறுத்து அதே நிலைக்கு வரச் சுமார் 351 நாட்கள் ஆகும். அந்தக் காலத்தில், அல்லது அதன் பாதி, மூன்றில் ஒரு பங்கில் அலை இருந்தால் கோளாறு வானத்தில் இருக்கிறது. நிலத்தைத் தோண்ட வேண்டாம். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பல ஆண்டுத் தரவு வேண்டும்.

365 நாள் அலை என்றால், எந்த மாதத்தில் உச்சம் என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. நவம்பர், டிசம்பரில் டெல்டா முழுவதும் தண்ணீர்: வயலில், ஏரியில், மண்ணுக்குள், நிலத்தடியில். இந்தத் தண்ணீருக்கு எடை உண்டு. 50 கி.மீ. ஆரமுள்ள ஒரு பரப்பில் 30 செ.மீ. தண்ணீர் கூடுதலாகச் சேர்ந்தால், கீழே உள்ள பாறை நடுவில் 3 முதல் 4 மி.மீ. வரை அழுந்தும் என்று மீள்தன்மைக் கணக்கு சொல்கிறது. தண்ணீர் வடிந்ததும் மறுபடி எழும். இது உண்மையான நில அசைவு, பிளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லா நிலையங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில், ஒரே மாதத்தில் வரும் என்பது இதன் அடையாளம். வங்கதேசத்தில் இதே காரணத்தால் நிலம் ஆண்டுதோறும் பல செ.மீ. ஏறி இறங்குகிறது. நம்முடையது அந்த அளவுக்குப் பெரிதல்ல.

மேட்டூர் அணையைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்றால் சுமார் 265 கோடி டன் தண்ணீர். பெரிய எண்தான். ஆனால் தஞ்சாவூர் இருக்கும் தூரத்தில் அதன் அழுத்தம் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. ஜூன் 12-ல் அணை திறந்து சில நாட்களில் உங்கள் நிலையம் 5 மி.மீ. அசைந்ததாகத் தெரிந்தால், அணை காரணம் அல்ல. வாய்க்காலில் வந்த தண்ணீர் வயலை நிரப்பியதுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது எதிர்த்திசை. மழைக்காலத்தில் நிலையம் இறங்குவதற்குப் பதிலாக ஏறுகிறதா? அப்படியென்றால் காரணம் நிலையத்துக்கு நேர் கீழே. ஈரம் குடித்து உப்பும் களிமண் தூணைத் தூக்கும். நிலத்தடி நீர்மட்டம் ஏறினால் மணல் அடுக்கு கொஞ்சம் விரிந்து தரையை உயர்த்தும். பாறையின் அழுத்தமும் களியின் உப்பலும் நேர் எதிர். ஒரே ஊரில் ஒரு நிலையம் நவம்பரில் இறங்கி, பக்கத்து நிலையம் ஏறினால், முதலாவது நல்ல அடித்தளத்தில் நிற்கிறது, இரண்டாவது களியில் மிதக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். எந்த நிலையத்தை நம்புவது என்று தீர்மானிக்க இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

மூன்றாவது, வெயில். கான்கிரீட் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு 0.01 மி.மீ. சொச்சம் நீளும். 10 மீட்டர் உயரக் கட்டடம் மார்கழிக்கும் சித்திரைக்கும் இடையே 10 டிகிரி சூடேறினால் உச்சியில் ஒரு மி.மீ. வந்துவிடும். மே மாதத்தில் பாறை எழும், கட்டடம் நீளும், களி சுருங்கும். மூன்றும் ஒரே வரைபடத்தில் வந்து விழும். பக்கத்து நிலத்தடி நீர்க் கண்காணிப்புக் கிணற்றின் மட்டத்தையும் அன்றாட வெப்பநிலையையும் ஒரே தாளில் வரைந்து வைத்துக்கொள்ளாமல் இதைப் பிரிக்க முடியாது.

காற்றின் ஈரப்பதமும் இதில் சேரும். வளிமண்டலத்தால் சிக்னலுக்கு ஏற்படும் தாமதத்தை ஒரு மி.மீ. தப்பாகக் கணித்தால், உயரத்தில் அது மூன்று மடங்கு வரை பெருகி நிற்கும்.

அறிகுறி: ஒரு நிலையம் மட்டும் ஒரு பக்கமாக மெல்லப் போகிறது

பக்கத்து நிலையங்கள் சும்மா இருக்க, ஒன்று மட்டும் ஆண்டுக்கு 2, 3 மி.மீ. ஒரே திசையில் போனால் தூணைப் பாருங்கள். கணிப்பொறியை மூடிவிட்டு நேரில் போக வேண்டிய அறிகுறி இது.

திருவாரூர்ப் பக்கம் வயலோரம் நிற்கும் ஒரு தூணைச் சொல்கிறேன். சித்திரையில் போனால், தூணைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு மண் வெடித்திருக்கும். மேற்கே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் வேர் அந்தப் பக்கத்து ஈரத்தை உறிஞ்சிவிடும். கிழக்கே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் குழாய் எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் மட்டும் புல் பச்சையாக இருக்கும். மேற்கே களி சுருங்குகிறது, கிழக்கே சுருங்குவதில்லை. தூண் மேற்கே சாய்கிறது. மழை வந்ததும் திரும்புகிறது, ஆனால் முழுவதும் திரும்புவதில்லை. வெடிப்புக்குள் மேல்மண் சரிந்து விழுந்து ஆப்பு வைத்ததுபோல் நின்றுவிடுகிறது. வரைபடத்தில் இது ஆண்டு அலையும் மேற்கு நோக்கிய ஓட்டமும் கலந்து, படிக்கட்டுபோல் தெரியும். 1.5 மீட்டர் உயரத் தூண் பத்தில் ஒரு டிகிரி சாய்ந்தாலே உச்சி 2.6 மி.மீ. நகர்ந்துவிடும். இந்த எண்ணைப் பிளவின் தலையில் கட்டினால் தென்னிந்தியாவின் வரைபடத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். தூணின் உச்சித் தகட்டில் நல்ல ரசமட்டத்தை வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு என இரண்டு திசையிலும் வைத்து, குமிழி எங்கே நிற்கிறது என்று மே மாதத்திலும் டிசம்பரிலும் குறித்துக்கொள்ளுங்கள். கொத்தனார் ரசமட்டம் போதாது. எந்திரக் கடையில் கிடைக்கும், ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் வகையை வாங்குங்கள். தூணைச் சுற்றி மூன்று, நான்கு குறிப்பாணிகளை அடித்து வைத்து, அவற்றிலிருந்து உச்சிக்கு உள்ள தூரத்தையும் உயர வேறுபாட்டையும் வருஷத்துக்கு இரண்டு முறை அளந்தால் இன்னும் நல்லது.

சரி செய்வது எப்படி? புதிதாகக் கட்டுவதென்றால், களி சுருங்கி விரியும் ஆழத்துக்குக் கீழே இறங்கும் பைல் அடித்தளம் போடுங்கள். கரிசல் போன்ற மண்ணில் கட்டடங்களுக்கே 3.5 மீட்டருக்குக் கீழே, அடியில் குமிழ் விட்ட பைல்தான் போடுவார்கள். மேல் பகுதியைச் சுற்றிப் பெரிய பிவிசி குழாயைச் செருகி, மண் தூணைப் பற்றாமல் இடைவெளி விடுங்கள். மொட்டைமாடிதான் கிடைக்கும் என்றால், பல ஆண்டுகள் நின்று அடங்கிய, ஒன்றிரண்டு மாடிக்கு மேற்படாத கட்டடம். சுமைதாங்கும் சுவருக்கு நேர் மேலே. கைப்பிடிச் சுவரில் மாட்ட வேண்டாம். மேல்நிலை நீர்த்தொட்டி அழகாக வானத்தைப் பார்த்து நிற்கும், ஆசை காட்டும். தொட்டி நிரம்பி வடியும்போதெல்லாம் ஆன்டெனாவும் ஆடும்.

அறிகுறி: அன்றாட அளவுகளின் சிதறல் குறுவைக்கும் சம்பாவுக்கும் ஏற்ப மாறுகிறது

வயலோர நிலையங்களுக்கே உரிய வியாதி. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் சிக்னலுக்குக் கண்ணாடிபோல் வேலை செய்யும். தாழ்வான கோணத்தில் வரும் சிக்னல் நேராகவும் வரும், தண்ணீரில் பட்டுத் தெறித்தும் வரும். பயிர் வளர வளரத் தெறிப்பு மங்கும். அறுவடைக்குப் பின் வெறும் கட்டைத் தாள். ஆண்டுக்கு இரண்டு போகம் என்றால் இரண்டு அலை.

செயற்கைக்கோள் அமைப்பு ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முன்னதாகவே அதே இடத்துக்கு வந்துவிடும். அடுத்தடுத்த நாட்களின் மிச்சப் பிழைகளை வரைந்து, 4 நிமிடம் தள்ளிப் பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிறதா? பொருந்தினால் தெறிப்புதான். பிறகு எல்லைக் கோணத்தை (அடிவானத்திலிருந்து இதற்குக் கீழே வரும் சிக்னலை ஒதுக்கும் கோணத்தை) 10-இல் இருந்து 15, 20 டிகிரி என்று உயர்த்தி மறுபடி கணக்கிடுங்கள். கோணத்தை மாற்றினால் வேகமும் மாறுகிறது என்றால், அந்த வேகத்தை வைத்துப் பிளவைப் பற்றிப் பேச வேண்டாம். தாழ்கோண சிக்னலின் வலிமை ஏறி இறங்குவதை வைத்தே வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கணிக்கும் முறையும் இருக்கிறது. ஒருவரின் தொல்லை இன்னொருவரின் தரவு.

தென்னை இன்னும் தந்திரக்காரன். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்புக்கு நடுவே நிலையம் இருந்தால், மரம் வளர வளர வானம் சிறுகச் சிறுக மூடும். அதுவே பல ஆண்டுகளில் மெதுவான பொய் ஓட்டமாகக் கோட்டில் தெரியும். 16.11.2018 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் அந்தப் பக்கத் தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தபோது நடந்தது இதற்கு நேர் எதிர்: மறைந்திருந்த வானம் திடீரென்று திறந்தது. 20 டிகிரிக்குக் கீழே கிடைக்கும் பதிவுகளின் எண்ணிக்கையைத் திசைவாரியாக, ஆண்டுவாரியாக வரைந்து பாருங்கள். மரத்தின் கதை முழுவதும் அதில் தெரியும்.

அறிகுறி: இரவு ஏழு மணிக்கு மேல் தரவு கந்தலாகிறது

காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகே போகிறது. டெல்டா அதிலிருந்து அதிகத் தூரமில்லை. சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தில் குமிழிகள் எழுந்து சிக்னலைக் கிழிக்கும். மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபரில் அதிகம். சூரியப் புள்ளிகள் கூடிய ஆண்டுகளில் இன்னும் அதிகம். 2024-ஐ ஒட்டிய ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை அலைவரிசை ரிசீவர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். இருந்தாலும், இரண்டாம் நிலை அயனித் திருத்தத்தை (இரட்டை அலைவரிசையால் கழியாத மிச்சத்துக்கான திருத்தத்தை) போட்டும் போடாமலும், இரவு 7 முதல் 12 வரையிலான தரவை விட்டும் சேர்த்தும் ஓட்டிப் பாருங்கள். வடக்கு–தெற்கு வேகம் மாறினால் குற்றவாளி சூரியன். இதை மின்தடையோடு குழப்பிக்கொள்வதும் உண்டு: மின்தடையில் எல்லாச் செயற்கைக்கோளும் ஒன்றாகப் போகும், குமிழியில் ஒவ்வொன்றாகப் போகும்.

அறிகுறி: நிலம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, திரும்பவே இல்லை

டெல்டா என்றால் இறங்கும். வண்டல் தன் எடையில் தானே அமுங்கும். அணைகளும் கரைகளும் வந்தபின் புது வண்டல் வந்து ஈடுகட்டுவதும் குறைந்துபோனது. கேள்வி, எந்த ஆழத்தில் அமுங்குகிறது என்பதுதான். 15 மீட்டர் பைல் மேல் நிற்கும் ஆன்டெனாவுக்கு 15 மீட்டருக்குக் கீழே நடப்பது மட்டும்தான் தெரியும். மேல் 15 மீட்டர் அமுங்குவது அதற்குத் தெரியவே தெரியாது. ஆழமான அடித்தளம் ஒன்று, ஆழமில்லாதது ஒன்று என்று அருகருகே வைத்து வித்தியாசம் எடுத்தால் மேல்மண்ணின் பங்கு தனியாக வரும்.

அதற்குக் கீழே, போர்வெல். நீர்மட்டம் இறங்கும்போது நிலமும் இறங்கி, மட்டம் ஏறும்போது நிலமும் ஏறினால் மணல் அடுக்கு மீள்கிறது என்று பொருள். மட்டம் ஏறியும் நிலம் திரும்பவில்லை என்றால் இடையில் உள்ள களி அடுக்குகள் நிரந்தரமாக நசுங்கிவிட்டன. பக்கவாட்டு வேகத்தையும் பாருங்கள். நீர் இறைப்பால் இறங்கும் இடத்தைச் சுற்றியுள்ள நிலையங்கள் அதன் நடுவை நோக்கிச் சாயும். பிளவு அப்படி எல்லாரையும் ஒரே இடத்துக்கு இழுக்காது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. புதைந்த பிளவின் ஒரு பக்கம் களி தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். தண்ணீர் இறைத்தால் தடித்த பக்கம் அதிகம் இறங்கும். தரையில் பிளவுக்கு நேர் மேலே வேகம் சட்டென்று மாறும். பார்ப்பவருக்குப் பிளவு நழுவுவதுபோலவே இருக்கும், ஆனால் ஆழத்தில் எதுவும் நழுவியிருக்காது. அமெரிக்காவின் ஹூஸ்டன் பக்கம் நிலத்தடி நீரை இறைத்ததில் சில இடங்கள் 3 மீட்டர் வரை இறங்கின. அங்கே பழைய பிளவுகளை ஒட்டிச் சாலைகளும் வீடுகளும் நிலநடுக்கம் எதுவும் இல்லாமலேயே பிளந்தன. முகடுகளும் பள்ளங்களும் நிறைந்த நம் படுகையிலும் இந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: இன்சார் படத்தில் வயல் எல்லாம் இறங்குகிறது, ஊர் மட்டும் நிற்கிறது

வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு ரேடார் படங்களை ஒப்பிட்டு நில நகர்வைக் காணும் முறைதான் இன்சார். ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1-இன் அலைநீளம் 5.6 செ.மீ.; படத்தில் ஒரு வண்ணச் சுற்று 2.8 செ.மீ. நகர்வு. 12 நாள் கழித்து அதே இடத்துக்கு வருவதற்குள் நாற்றங்கால் நடவாகியிருக்கும். வயலில் இரண்டு படங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கோபுரம், பாலம், ரயில் நிலையம், அரிசி ஆலைக் கூரை இவைதான் நம்பகமான புள்ளிகள்.

வயலில் தெரியும் இறக்கத்தைச் சோதிக்க ஒரு வழி: 12 நாள் ஜோடிகளை மட்டும் சங்கிலியாகக் கோத்து ஒரு முறை, மே மாதத்துக்கு மே மாதம் என்று ஓராண்டு ஜோடிகளைச் சேர்த்து இன்னொரு முறை கணக்கிடுங்கள். குறுகிய ஜோடிகளில் மண் ஈரமும் பயிரும் விடும் சிறு சாய்வு ஒவ்வொரு கண்ணியிலும் சேர்ந்து பொய் இறக்கமாகிவிடும். நீண்ட ஜோடி வந்ததும் இறக்கம் குறைந்தால் அது பயிர். 30.7.2025 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்ட நைசார் செயற்கைக்கோளின் 24 செ.மீ. அலை பயிரைத் தாண்டிப் பார்க்கும் என்பதால் டெல்டாவுக்கு அதுவே பொருத்தம்.

நேர்க்கோடாக ஒரு எல்லை தெரிந்தால் உடனே பிளவு என்று கோடு போடாதீர்கள். அது கல்லணைக் கால்வாயாக இருக்கலாம். 1930-களில் மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டிய அந்தப் புது ஆற்றுக்கு ஒரு பக்கம் பாசனம், மறுபக்கம் மானாவாரி. ஈரத்தின் எல்லையே படத்தில் கோடாக வரும். ரேடார் ஏறத்தாழ கிழக்கு, மேற்காகத்தான் பார்க்கிறது என்பதால் வடக்கு–தெற்கு நகர்வு அதன் கண்ணில் படாது என்பதையும் மறக்க வேண்டாம்.

அறிகுறி: லெவலிங் வட்டம் மூடவில்லை

லெவலிங் என்றால் உயர வேறுபாட்டைப் புள்ளி புள்ளியாக அளந்துகொண்டே போவது. தொடங்கிய இடத்துக்கே திரும்பும்போது கூட்டுத்தொகை பூஜ்யம் வராவிட்டால் வட்டம் மூடவில்லை. மலை இல்லாத நாட்டில் அளப்பவனுக்குக் கஷ்டம் புதிதல்ல. இந்தியாவை முக்கோணங்களாக அளந்த லாம்ப்டன் 1808-ல் இங்கே வந்தபோது ஏறிப் பார்க்கக் குன்று இல்லை, தென்னைக்கு மேல் தெரியக் கோபுரம்தான் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி அடிபட்டது. அவரே உட்கார்ந்து அதைப் பழுது பார்த்தார்.

லெவலிங்கில் பிழை தூரத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். கிலோமீட்டருக்கு 1 மி.மீ. என்றால் 100 கி.மீ.க்கு 10 மி.மீ. அதற்குள் மூடினால் விடுங்கள். மூடாவிட்டால், மதகு, சிறுபாலம், வாய்க்கால் கரை ஆகியவற்றில் செதுக்கிய பெஞ்ச் மார்க்குகளை (உயரக் குறிகளை) முதலில் நீக்கிவிட்டுப் பாருங்கள். அவை மண்ணோடு இறங்குபவை. பழைய கோயில் மதிலின் அடிக்கல்லில் உள்ள குறிகள் பெரும்பாலும் நன்றாக நிற்கின்றன.

அறிகுறி: எல்லாம் கழித்த பிறகும் பிளவின் இரு பக்கமும் ஆண்டுக்கு 0.6 மி.மீ. வித்தியாசம்

இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு வாழ்த்து. இப்போது மூன்று சோதனை.

தரவு எத்தனை ஆண்டு? இரண்டரை ஆண்டுக்குக் குறைவு என்றால் ஆண்டு அலையே வேகமாக வேடம் போடும். நமக்கு வேண்டிய அளவுக்கு அதுவும் போதாது. பத்து ஆண்டாவது வேண்டும்.

பிழை எல்லையை எப்படிக் கணக்கிட்டீர்கள்? ஒவ்வொரு நாளின் பிழையும் மற்ற நாளோடு தொடர்பில்லாதது என்று வைத்துக்கொண்டால் மென்பொருள் ±0.05 என்று காட்டும். ஜிபிஎஸ் பிழைகள் அப்படி இல்லை, இன்றைய பிழையில் நேற்றைய வாசனை இருக்கும். அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் எல்லை ஐந்து, பத்து மடங்கு விரியும். 0.6 ± 0.4 என்று வந்தால் கையில் இன்னும் ஒன்றும் இல்லை.

கடைசியாக, வேகம் தூரத்தோடு எப்படி மாறுகிறது? ஆழத்தில் நழுவி, மேலே பூட்டிக் கிடக்கும் பிளவு, தன் இரு பக்கத்தையும் பரவலாக வளைக்கும். பூட்டு ஆழம் 15 கி.மீ. என்றால், பிளவிலிருந்து இரு பக்கமும் 15 கி.மீ. வரை போனால் மொத்த வித்தியாசத்தில் பாதிதான் தெரியும். 90 சதவீதம் தெரிய இரு பக்கமும் சுமார் 95 கி.மீ. போக வேண்டும். கல்லணையில் தொடங்கினால் கடல் வந்துவிடும். ஆகவே 2 கி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு நிலையங்களுக்கு நடுவே முழு வித்தியாசமும் வந்து நிற்கிறது என்றால், அது ஆழத்து நெளிவு இல்லை. மேலே உள்ள களியோ, தண்ணீரோ, தூணோதான். திரும்பப் போய் ரசமட்டத்தை எடுங்கள்.

பிளவிலிருந்து 5, 15, 40 கி.மீ. என்று பல தூரத்தில் நிலையங்கள் இருந்து, அந்த மென்மையான வளைவு தெரிந்து, எந்த ஒரு நிலையத்தை நீக்கினாலும் வளைவு அப்படியே நின்றால், எழுதலாம். நிற்கவில்லை என்றால் "இந்தப் பிளவில் நகர்வு ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் இல்லை" என்று மேல் எல்லையை எழுதுங்கள். நிலநடுக்க ஆபத்தைக் கணக்கிடுபவர்களுக்கு அந்த எண்ணும் வேண்டும். கூடவே மூல ரைனெக்ஸ் கோப்புகள், பதிவேடு, தூணைச் சுற்றிய குறிப்பாணிகளின் அளவுகள், நான்கு திசையிலும் எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஆன்டெனாவை மாற்றியே தீர வேண்டும் என்றால், பழையதைக் கழற்றும் முன் பக்கத்திலேயே இன்னொரு தற்காலிக ஆன்டெனாவைச் சில மாதம் ஓடவிட்டு, மாற்றிய பிறகும் அதைச் சில மாதம் அங்கேயே விட்டு வையுங்கள்.